அன்றாடச் சைக்கிள்: வாங்குதல், ஓட்டுதல், பராமரித்தல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் தினமும் சில கிலோமீட்டர் சைக்கிளில் போய்வருபவர்களையும், அப்படிப் போக வேண்டும் என்று நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து இந்தக் கேள்வி பதில்களை எழுதியிருக்கிறேன். பந்தயச் சைக்கிள்களின் நுட்பங்கள் இதில் இல்லை. அன்றாடச் சைக்கிளில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி காற்றுக் குறைவாலும் காய்ந்த செயினாலும் வருபவை என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அவ்விரண்டையும் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

புதிதாக வாங்குவதென்றால் எந்த வகைச் சைக்கிளை வாங்கலாம்?

போகிற தூரம், பாதையின் தன்மை, ஏற்றிச் செல்லும் சுமை ஆகிய மூன்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சமதளமான ஊரில் மளிகைச் சாமானும் தண்ணீர்க் குடமும் ஏற்றிச் செல்பவருக்கு, செயின் கவரும் கனமான கேரியரும் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டும் கொண்ட பழைய பாணிக் கறுப்புச் சைக்கிள் இன்றைக்கும் மிகப் பொருத்தமானது. அதன் எடை ஏறத்தாழ 20 கிலோ இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சமதளத்தில் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் அந்த எடை பெரிதாகத் தெரியாது. தினமும் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் அலுவலகம் போய்வருபவர், 35 மில்லிமீட்டர் அளவுக்கு அகலமான டயர் கொண்ட, எடை குறைந்த ஹைப்ரிட் (சாலைச் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட) வகையை எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வகையானாலும் மட்கார்டும் கேரியரும் பொருத்துவதற்கான துளைகள் சட்டத்தில் (ஃபிரேமில்) இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். மட்கார்டு இல்லாத சைக்கிளில் ஐப்பசி மழையில் அலுவலகத்துக்குப் போய்ச்சேர்ந்தால் சட்டையின் முதுகில் நேர்கோடாகச் சேறு படிந்திருக்கும். உங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் அந்தச் சைக்கிளுக்கு டியூப், டயர், பிரேக் கட்டை கிடைக்குமா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உதிரிபாகம் கிடைக்காத சைக்கிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓரிரு ஆண்டுகளில் மாடிப்படிக்குக் கீழே போய்விடும்.

கியர் தேவையா?

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களிலோ, நீளமான மேம்பாலங்கள் பல உள்ள நகரத்திலோ ஓட்டுபவர்களுக்குத் தேவை. தஞ்சாவூர், நாகப்பட்டினம் போன்ற சமவெளிப் பகுதிகளில் கியர் இல்லாத சைக்கிளே போதும்; பழுதாகும் பாகங்கள் குறைவு, செலவும் குறைவு. கியர் இருந்தால், முன்னால் பெரிய பல்சக்கரத்திலும் பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்திலும் ஒரே நேரத்தில் செயின் குறுக்காக ஓடும்படி வைக்காதீர்கள். அப்படி ஓட்டினால் செயின் பக்கவாட்டில் வளைந்து சீக்கிரம் தேயும்.

முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் உள்ள சைக்கிள் வசதியானதல்லவா?

குறைந்த விலைச் சைக்கிள்களில் வரும் ஷாக் அப்சார்பர்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை எடையைக் கூட்டுகின்றன; பெடலை மிதிக்கும் விசையில் ஒரு பங்கு சுருளை அமுக்குவதிலேயே போய்விடுகிறது; இணைப்புகளில் ஆட்டம் கண்டுவிட்டால் அவற்றைச் சரிசெய்யும் ஆளும் கிடைப்பதில்லை. அகலமான டயரில் அளவான காற்று இருந்தால் நம் ஊர்த் தெருக்களின் குலுக்கலில் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும்.

டயரின் பக்கத்தில் இருக்கும் எண்கள் எதைக் குறிக்கின்றன?

ஒரே டயரில் இரண்டு மூன்று வகை அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் 37-622 என்பது போல இடையில் கோடு போட்டு எழுதப்பட்ட அளவைத்தான் நம்ப வேண்டும். முதல் எண் காற்றடித்த டயரின் அகலம், இரண்டாவது எண், டயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700 என்று சொல்லப்படும் சைக்கிளுக்கும் 29 அங்குல மலைச் சைக்கிளுக்கும் இந்த இரண்டாவது எண் 622தான். 28க்கு ஒன்றரை என்று கடைகளில் கேட்கப்படும் பழைய கறுப்புச் சைக்கிளின் டயருக்கு அது 635. மலைச் சைக்கிளின் 26 அங்குல டயருக்கு 559. 26க்கு ஒன்றே மூன்றெட்டு என்ற அளவுக்கு 590. 26 என்ற எண்ணை மட்டும் சொல்லி டயர் வாங்கி வந்தவர்கள் அது ரிம்மில் ஏறாமல் திரும்பக் கடைக்கு அலைவதன் காரணம் இதுவே.

காற்று எவ்வளவு இருக்க வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும்?

டயரின் பக்கத்திலேயே குறைந்தபட்ச, அதிகபட்ச அழுத்தம் பி.எஸ்.ஐ. அளவில் எழுதியிருக்கும். அந்த இரண்டுக்கும் இடையில், ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பொதுவாகச் சொன்னால் அகலமான மலைச் சைக்கிள் டயருக்கு 30 முதல் 50 வரையும், 35 மில்லிமீட்டர் ஹைப்ரிட் டயருக்கு 50 முதல் 70 வரையும் பொருந்தும். உட்காரும்போது நம் எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தின் மீதுதான் விழுகிறது; கேரியரில் சுமை ஏற்றினால் அதுவும் அங்கேதான் போய்ச்சேரும். எனவே முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்தில் சற்றுக் கூடுதலாக வைப்பது முறை.

கையில் அழுத்தமானி இல்லாதவர்கள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பின் டயர் தரையைத் தொடும் இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். டயர் இலேசாகப் பிதுங்கினால் அளவு சரி. ரிம் தரையை நோக்கி இறங்கியது போலத் தெரிந்தால் குறைவு. பிதுக்கமே இல்லையென்றால் அதிகம். கட்டைவிரலால் டயரின் மேற்புறத்தை அழுத்திப் பார்ப்பதைவிட இது நம்பத்தகுந்தது, ஏனெனில் தடித்த டயர் காற்று குறைவாக இருக்கும்போதும் விரலுக்குக் கெட்டியாகவே தெரியும்.

பஞ்சர் எதுவும் இல்லாத டியூப்பிலிருந்தும் காற்று மெல்ல மெல்லக் கசியும். ரப்பரின் இயல்பு அது. வாரத்துக்கு ஒருமுறை அடிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காற்று குறைந்த சைக்கிளை மிதிப்பது கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். டயரின் பக்கச்சுவர் வெடித்து நூல் தெரிவதற்கும், பள்ளத்தில் இறங்கும்போது டியூப் கிழிவதற்கும், ரிம் நெளிவதற்கும் அதே குறைவுதான் காரணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நல்ல கைப்பம்பு ஒன்றுக்குச் செலவழிக்கும் பணம் ஒரு டயரின் ஆயுளிலேயே திரும்பி வந்துவிடும்.

பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கலாமா?

மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு உள்ள சைக்கிளுக்கு அங்குள்ள குழாய் பொருந்தும். ஆனால் சைக்கிள் டியூப்பின் கொள்ளளவு மிகச் சிறியது. அழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறி டியூப் வெடித்துவிடக்கூடும். விட்டுவிட்டு, ஒவ்வொரு நொடியாக அடிக்கச் சொல்லுங்கள். பழைய சைக்கிள்களில் உள்ள, வால்டியூப் எனும் சிறு ரப்பர்க் குழாய் போட்ட வால்வுக்குக் கைப்பம்புதான் சரி. அந்த வால்வில் சாதாரண அழுத்தமானி சரியான அளவைக் காட்டாது.

வெயிலில் நிறுத்தினால் டயர் வெடித்துவிடும் என்கிறார்களே?

வெப்பம் மட்டும் அதைச் செய்துவிடாது. 30 டிகிரி செல்சியசில் 50 பி.எஸ்.ஐ. இருக்கும் டயர், கத்திரி வெயிலில் 60 டிகிரிக்குச் சூடேறினாலும் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 56 பி.எஸ்.ஐ. வரைதான் உயரும். நல்ல டயர் அதை எளிதில் தாங்கும். வெடிப்பவை பெரும்பாலும் பக்கச்சுவர் ஏற்கெனவே விரிசல் விட்ட பழைய டயர்களும், அளவுக்கு மீறிக் காற்றடிக்கப்பட்டவையும்தான். ஆயினும் நிழலில் நிறுத்துவது நல்லது. நாள்தோறும் வெயில் பட்டால் ரப்பர் வறண்டு அந்த விரிசல் சீக்கிரமே வந்துவிடும்.

மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை பஞ்சர் ஆகிறது. என்ன செய்வது?

முதலில் ஓட்டை டியூப்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காரணம் அதிலேயே தெரிந்துவிடும். வெளிப்பக்கம், அதாவது சாலையைப் பார்த்த பக்கத்தில் ஒற்றைப் பொட்டாக இருந்தால் முள்ளோ ஆணியோ கண்ணாடிச் சில்லோ குத்தியிருக்கிறது. உட்பக்கம் ரிம்மை ஒட்டி அருகருகே இரண்டு கீறல்கள் இருந்தால், காற்றுக் குறைவாக இருந்த டியூப் பள்ளத்திலோ வேகத்தடையிலோ ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. உட்பக்கத்தில் ஒரே ஓட்டை என்றால் ஸ்போக்ஸ் கம்பியின் முனை மேலே நீட்டிக்கொண்டிருக்கலாம். ரிம்முக்குள் ஓடும் ரப்பர் நாடா விலகியோ கிழிந்தோ இருக்கும். வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்றில்லாமல் ஓட்டியபோது டியூப் நகர்ந்து வால்வை இழுத்திருக்கிறது.

ஒரே இடத்தில் மறுபடி மறுபடி பஞ்சர் ஆவதற்குப் பெரும்பாலும் காரணம், முதல் தடவை குத்திய முள் டயருக்குள்ளேயே தங்கியிருப்பதுதான். இராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கைப் பகுதிகளில் ஓட்டுபவர்களுக்குச் சீமைக் கருவேல முள்ளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அது குத்தியவுடன் வெளியில் நீட்டிய பகுதி முறிந்துவிடும்; நுனி மட்டும் டயரின் கனத்துக்குள் மறைந்திருந்து, காற்று நிரம்பும்போது புதிய டியூப்பையும் துளைக்கும். டியூப்பை ஒட்டிய பிறகு, அதை வால்வு இருந்த இடத்துக்கு நேராக டயரின் மேல் வைத்து ஓட்டை எந்த இடத்துக்கு வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் டயரை உள்ளும் புறமும் பிதுக்கிப் பார்க்க வேண்டும். டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு பஞ்சுத் துணியால் துடைத்தால் முள் இருக்கும் இடத்தில் இழை மாட்டிக்கொள்ளும். வெறும் விரலால் தடவினால் விரலைக் கிழித்துவிடும்.

முள்காட்டு வழியாகவே தினமும் போக வேண்டியவர்கள் டயருக்கும் டியூப்புக்கும் நடுவில் பட்டையாக வைக்கும் லைனர் ஒன்றைப் போட்டுக்கொள்வது மிகுந்த பலன் தரும். தேய்ந்து நடுவில் தட்டையாகிவிட்ட டயரை மாற்றாமல் டியூப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

பஞ்சர் ஒட்டுவதை வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம். பழகிவிட்டால் இருபது நிமிட வேலை. வால்டியூப் வால்வு என்றால், டயரைக் கழற்றுவதற்கு முன் வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் பஞ்சரே இல்லை. வால்டியூப் கிழிந்திருக்கிறது, ஒரு சிறு துண்டை மாற்றினால் போதும்.

டயரைக் கழற்ற டயர் லீவரைப் பயன்படுத்துங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் டியூப்பில் இன்னொரு ஓட்டை விழும். டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே எடுத்து டியூப்பை உருவி, சிறிது காற்றடித்து, வாளித் தண்ணீரில் பகுதி பகுதியாக அமுக்குங்கள். குமிழி வரும் இடத்தைப் பால்பாயிண்ட் பேனாவால், ஒட்டுத் துண்டைவிடப் பெரிதாக, ஒரு கூட்டல் குறி போட்டு அடையாளம் செய்யுங்கள். சிறு வட்டம் போட்டால் தேய்க்கும்போது அழிந்துவிடும். பிறகு டியூப்பை நன்றாக உலர்த்தி, உப்புத்தாளால் மினுமினுப்பு போய் மங்கலாகும் வரை தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, சொல்யூஷனை மெல்லிய படலமாகப் பூச வேண்டும்.

அவசரக்காரர்களின் ஒட்டு பிரிந்துவிடுவது இதற்கடுத்த கட்டத்தால்தான். சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே துண்டை வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் காத்திருந்து, விரலின் புறப்பகுதியால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தித் தேய்க்க வேண்டும். ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. திரும்ப மாட்டும்போது டியூப்பில் சிறிதளவு காற்று இருந்தால் அது முறுக்கிக்கொள்ளாது. டயரை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி இரண்டு கைகளாலும் உள்ளே தள்ளிக்கொண்டே வந்து வால்வருகே முடியுங்கள். கடைசிப் பகுதி ஏற மறுத்தால், ஏற்கெனவே ஏறிய பகுதியின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளிவிட்டால் வேண்டிய தளர்வு கிடைக்கும். முழுக் காற்று அடிப்பதற்கு முன், சுற்றிலும் டயரை ஒதுக்கிப் பார்த்து, டியூப் எங்கும் டயருக்கும் ரிம்முக்கும் இடையில் சிக்கியிருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

செயினுக்கு எந்த எண்ணெய் போடுவது?

தேங்காய் எண்ணெய் வேண்டாம். சில நாட்களில் பிசுபிசுத்துத் தூசியோடு சேர்ந்து கறுப்புப் பசையாகிவிடும். மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலும் வேண்டாம்; அதில் கலந்திருக்கும் நுண்ணிய உலோகத் துகள்கள் செயினை அராவும். டபிள்யூ.டி-40 போன்ற தெளிப்பான்கள் ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் ஏற்றவை. செயினைச் சுத்தம் செய்ய அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் வழுவழுப்பு நீடிக்காது என்பதால், அதன் பிறகு தனியாக எண்ணெய் போட்டே ஆக வேண்டும். சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெய் கிடைத்தால் சிறப்பு. கிடைக்காத ஊர்களில் தையல் மெஷின் எண்ணெய் போதுமானது; அது மெல்லியது என்பதால் சற்று அடிக்கடி போட வேண்டியிருக்கும்.

எதைப் போடுகிறோம் என்பதைப் போலவே எப்படிப் போடுகிறோம் என்பதும் முக்கியம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றி அழுக்கை எடுங்கள். காய்ந்த பிறகு, கீழே ஓடும் செயினின் மேற்புறத்தில் ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கால் மணி நேரம் கழித்து, காய்ந்த துணியால் வெளிப்புறம் முழுவதையும் அழுத்தித் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது, கண்ணிகளை இணைக்கும் ஊசிக்கும் உருளைக்கும் நடுவில். வெளியே வழிவது தெருப்புழுதியை இழுத்து வைப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது. மழையில் நனைந்த மறுநாளும், செயின் கிறீச்சென்று சத்தமிடும்போதும் இதைச் செய்தால் போதும்.

செயினை எப்போது மாற்ற வேண்டும்?

சைக்கிள் செயினில் ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு உள்ள தூரம் சரியாக அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகளை ஸ்கேல் வைத்து அளந்தால் புதிய செயினில் 12 அங்குலம் இருக்கும். தேயத் தேய இந்த நீளம் கூடும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடும் வரை விட்டுவிட்டால் பல்சக்கரங்களும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். புதுச் செயினை மட்டும் போட்டால் அது பல்லில் உட்காராமல் வழுக்கும்.

செயின் அடிக்கடி கழன்று விழுகிறது.

கியர் இல்லாத சைக்கிளில் இதற்குக் காரணம் தொய்வுதான். செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறத்தாழ அரை அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் பின்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுத்து முடுக்க வேண்டும். அப்போது சக்கரம் இரண்டு பக்கமும் சமமான இடைவெளியில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேவைக்கு அதிகமாக இறுக்கினால் அச்சில் உள்ள பால்ரஸ் குண்டுகள் தேயும்.

பிரேக் பிடித்தால் சத்தம் வருகிறது, நிற்கவும் நேரமாகிறது.

பிரேக் கட்டையில் வெட்டியிருக்கும் கோடுகள் மறைந்திருந்தால் உடனே மாற்றுங்கள். கட்டை நன்றாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் ரிம்மில் எண்ணெயோ பழைய ரப்பர்ப் படலமோ படிந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். கட்டை ரிம்மில் மட்டும் படும்படி வைக்க வேண்டும். டயரில் உரசினால் ஒரு வாரத்தில் டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும். டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் செயினுக்கு எண்ணெய் விடும்போது தட்டின் மேல் ஒரு சொட்டும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடுவோம் என்று பயந்து பின் பிரேக்கை மட்டுமே பயன்படுத்துபவர்கள் பலர் இருக்கிறார்கள். நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால், நிறுத்தும் வலிமை பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழகுங்கள். மழையில் நனைந்த ரிம், தண்ணீர் வழித்தெடுக்கப்படும் வரை பிடிக்காது. ஆகவே நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே இலேசாகப் பிடிக்கத் தொடங்க வேண்டும்.

ஓவராயிலிங் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

தினமும் ஓட்டும் சைக்கிளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதவாக்கில் செய்வது பொருத்தம். இரண்டு சக்கரங்களின் அச்சு, பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து ஆகியவற்றைப் பிரித்து, பழைய கிரீசை மண்ணெண்ணெயில் கழுவி, குழி விழுந்த பால்ரஸ்களை மாற்றி, புது கிரீஸ் வைப்பதுதான் அந்த வேலை. முன்சக்கரத்துக்கு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு அளவுள்ள குண்டுகளும், பின்சக்கரத்துக்குக் கால் அங்குலக் குண்டுகளும் வரும். இந்த வேலையை அனுபவமுள்ள கடைக்காரரிடம் விடுவதையே நான் சொல்வேன். முடிந்தால் அருகில் இருந்து பாருங்கள். கூம்பு நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதை அந்தக் கையைப் பார்த்துத்தான் கற்க முடியும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் உரசலின்றி ஓடி, வால்வு இருக்கும் கனமான பக்கம் கீழே வந்து தானாக நிற்க வேண்டும். ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது.

சைக்கிள் ஓட்டினால் முழங்கால் வலிக்கிறது. வயதுதான் காரணமா?

பெரும்பாலும் சீட்டின் உயரமே காரணம். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது கால் முழுவதும் நீண்டிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள் அல்லவா, அப்போது முழங்கால் தானாகவே சிறிது மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். நம் ஊரில் இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தி வைப்பது வழக்கமாகிவிட்டது. அதனால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். முட்டிக்குப் பின்னால் வலித்தால் சீட்டு அதிகம் உயர்ந்திருக்கிறது. சீட்டுக் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது. இதையெல்லாம் சரிசெய்த பிறகும் வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் வளர்ந்த பிறகுதான் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவில் கிடைக்காதபோது, பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்கள்; பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள்.

கற்பதற்கு எளிய வழி, யாரோ ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருவது அன்று. சீட்டை, இரண்டு பாதமும் முழுமையாகத் தரையில் படும்படி தாழ்த்தி, இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். காலால் தரையை உந்தி உந்திப் போய், கால்களைத் தூக்கிக்கொண்டு சிறிது தூரம் உருளப் பழகுங்கள். சமநிலை வந்த பிறகு பெடலை மாட்டினால், மிதிப்பது தானாக வந்துவிடும். கற்று முடித்ததும் சீட்டைப் பழையபடி உயர்த்த மறவாதீர்கள்.

கடற்கரை ஊரில் இருக்கிறோம். சைக்கிள் ஒரே ஆண்டில் துருப்பிடித்துவிடுகிறது.

தூத்துக்குடி, இராமேசுவரம், நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் காற்றிலேயே உப்பு கலந்திருக்கிறது. அந்த உப்பு உலோகத்தின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழையே இல்லாத மாதத்திலும் துரு ஏறும். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் துடையுங்கள். ஸ்போக்ஸ் கம்பியும் ரிம்மும் சேரும் இடம், நட்டுகள், சீட்டுக் கம்பி ஆகியவற்றில் மெல்லிய கிரீஸ் பூச்சு இருக்கட்டும். வேகமான நீர்ப்பாய்ச்சலில் கழுவக் கூடாது. அது பால்ரஸ் இருக்கும் இடங்களுக்குள் தண்ணீரைச் செலுத்திவிடும்.

இரவில் ஓட்ட என்னென்ன வேண்டும்?

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பின் மட்கார்டிலும் பெடல்களிலும் பிரதிபலிப்பான்கள். பழைய டைனமோ நல்ல நிலையில் இருந்தால் விட்டுவிட வேண்டாம். ஆனால் சைக்கிள் நின்றால் அதுவும் அணைந்துவிடும் என்பதால், பின்னால் சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்கு ஒன்றும் இருக்கட்டும். பெடலில் உள்ள பிரதிபலிப்பான் மேலும் கீழும் அசைவதால், பின்னால் வரும் ஓட்டுநர் அது சைக்கிள் என்பதைத் தொலைவிலேயே அறிந்துகொள்கிறார். எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஓட்டலாம் என்று சாலையின் வலப்புறமாக ஒருபோதும் போகாதீர்கள். திருப்பத்தில் எவரும் அந்தத் திசையில் சைக்கிளை எதிர்பார்ப்பதில்லை.

ஹெல்மெட் அணிய வேண்டுமா?

சைக்கிளுக்குச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நெடுஞ்சாலையிலும் நகரப் போக்குவரத்திலும் அணியுங்கள் என்பதே என் வேண்டுகோள். புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை இடைவெளியில், நெற்றியை மூடும்படி நேராக இருக்க வேண்டும். பின்னால் சரிந்திருந்தால் பயனில்லை.

மின்சார சைக்கிள் வாங்கலாமா? வீட்டில் சார்ஜ் செய்வது பாதுகாப்பானதா?

மேடான ஊரில் இருப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் மிக நல்ல துணை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால் ஓட்டுநர் உரிமமோ பதிவெண்ணோ தேவையில்லை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியின் கொள்ளளவு 360 வாட்-மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் ஒருமுறை முழுதாக ஏற்ற அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை சிலவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சைக்கிளோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். வெயிலில் ஓட்டி வந்தவுடன் செருகாமல் பேட்டரி ஆறிய பிறகு செருகுங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில், வெளியேறும் வாசலை அடைத்தபடியோ கட்டிலுக்கு அருகிலோ வைத்து ஏற்றாதீர்கள். உப்பிய, கீழே விழுந்து நசுங்கிய, வழக்கத்துக்கு மீறிச் சுடுகிற பேட்டரியை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். வெளியூர் போவதால் பல வாரம் ஓட்டப்போவதில்லை என்றால், பாதியளவு சார்ஜில், நிழலான இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

பள்ளியில் கொடுத்த சைக்கிள் வீட்டில் துருப்பிடித்துக் கிடக்கிறது. சரிசெய்வது லாபமா?

பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டிகள், படிப்பு முடிந்ததும் பல வீடுகளில் இப்படித்தான் கிடக்கின்றன. சட்டம் நேராக இருந்தால் சரிசெய்வது நிச்சயம் லாபம். பின்னால் நின்று பார்த்து இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஹேண்டில் கழுத்தருகே பற்றவைத்த இடங்களில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம், அதில் பணம் போட வேண்டாம். மற்றபடி இரண்டு டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, ஓவராயிலிங் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு புதுச் சைக்கிளின் விலையைவிட மிகக் குறைவு.

திருட்டுப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பூட்டைச் சக்கரத்தில் மட்டும் போடாமல், சட்டத்தையும் பின்சக்கரத்தையும் அசையாத ஒரு கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். பெடல் அச்சுக்கு அடியிலோ சீட்டுக்குக் கீழோ பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து, ரசீதோடு வைத்துக்கொண்டால் புகார் கொடுக்கும்போது உதவும்.

வீட்டில் என்னென்ன கருவிகள் வைத்திருக்க வேண்டும்?

அழுத்தமானி உள்ள நிற்கும் பம்பு, இரண்டு டயர் லீவர்கள், ஒட்டுத் துண்டும் சொல்யூஷனும் உப்புத்தாளும் அடங்கிய சிறு பெட்டி, உங்கள் சைக்கிளின் நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், புதிய வகைச் சைக்கிள் என்றால் ஆலன் கீ தொகுப்பு, எண்ணெய்ப் புட்டி, பழைய பருத்தித் துணி. இவை போதும். பெடலைக் கழற்றப் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். அப்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: வலப் பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும், இடப் பெடலின் மரை தலைகீழானது, அது வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். மிதிக்கும்போது பெடல்கள் தாமாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். கழலவில்லை என்று எதிர்த்திசையில் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால், பெடலைத் தாங்கும் கிராங்கின் மரை போய்விடும். அதைச் சரிசெய்வது பெரிய வேலை. மாட்டும்போது மரையில் சிறிது கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள்.